எழுதிவிட்டேன் என்று சொன்ன டிஸ்க்

போன வாரம் மதியச் சாப்பாடு முடிந்து கட்டிலில் சாய்ந்த நேரம் பார்த்து நேஹா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றுவந்த அலுவலகத்தில் இப்போது கம்ப்யூட்டர் பிரிவைக் கவனிக்கிற பெண். கெட்டிக்காரி. டில்லி துவாரகாவில் ஒரு ரிட்டயர்டு மதராசி மதியம் தூங்குவான் என்பது மட்டும் அவளுக்கு ஏனோ எட்டவில்லை.

"சார், புது சர்வர் வந்திருக்கு. டிஸ்க்ல ரைட் கேஷை ஆன் பண்ணினா வேகம் எங்கேயோ போகுது. ஆனா நீங்க விட்டுட்டுப் போன குறிப்புல 'ஆன் செய்யாதே'ன்னு சொல்லி மூணு ஆச்சரியக்குறி போட்டிருக்கீங்க. ஏன் சார்? ரெண்டே வரியில சொல்லுங்க, மீட்டிங் இருக்கு" என்று இந்தியில் மூச்சுவிடாமல் கேட்டாள்.

இரண்டு வரியில் சொல்கிற விஷயமா அது? "அதுல பேட்டரி இருக்கா? இருந்தா ஆன் பண்ணிக்கோ. ஆனா ஆன் பண்ணினதும் ஒருதரம் ஓடிட்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கிப் பாரு" என்றேன். "பிளக்கைப் பிடுங்கறதா!" என்று அலறிப் போனை வைத்துவிட்டாள். தூக்கம் போனது போனதுதான். அந்த ஆச்சரியக்குறிகளின் கதையை முழுசாக எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். "ரிட்டயர் ஆகியும் அந்த டிஸ்க்கை விடமாட்டேங்கறீங்களே" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

நான் கரூர்க்காரன். பெயர் குமரேசன். கணிதத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு, கம்ப்யூட்டர் அட்டையில் ஓட்டை போடும் வேலைக்காக டில்லி வந்தேன். ஓட்டை போடக் கற்றுத் தேறிய கையோடு அட்டையை ஒழித்துவிட்டார்கள். பிறகு டேப், பிறகு ஃப்ளாப்பி. எதை நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டாலும் அரசாங்கம் அதை மூட்டை கட்டிவிடும். இப்படியே தொண்ணூறுகளின் கடைசியில் கம்ப்யூட்டர் பிரிவுக்கே பொறுப்பாளன் ஆனேன்.

எங்கள் டைரக்டர் பல்லா சாப். பஞ்சாபி, ஆறடி உயரம், தீபாவளி முதல் ஹோலி வரை கையில்லாத மெரூன் ஸ்வெட்டர். என்னை முதல் நாளே 'குமார்' ஆக்கியவர், கடைசிவரை நான் அவருக்குக் குமார்தான். நல்ல மனிதர். ஆனால் அவருக்கு இரண்டு பழக்கங்கள் இருந்தன. எந்த அறைக்குள் நுழைந்தாலும் 'நமஸ்தே' சொல்வதற்கு முன்பே கை சுவிட்சுப் பலகைக்குப் போய்விடும். அவருக்கு எது தேவையில்லை என்று படுகிறதோ அது அணைந்துவிடும். ஆட்கள் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருக்கும்போதே விசிறியை நிறுத்திவிட்டு, "அரே, சர்க்காரி பிஜ்லி பாய்" என்பார். அரசாங்கக் கரண்டாம். ஒரு பிரிவுபசார விழாவில், ஓய்வு பெறுகிறவர் கண் கலங்கிப் பேசிக்கொண்டிருந்தபோது மைக்கையே அணைத்துவிட்டார். தெரியாமல் அணைத்தாரா, தெரிந்தே அணைத்தாரா என்பதில் எங்களுக்குள் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு.

இன்னொன்று, எதைச் சொன்னாலும் மூன்று படியாகக் கேட்பார். முதலில் "பக்கா?" என்பார். ஆமாம் என்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு "பில்குல் பக்கா?" என்பார். அதற்கும் ஆமாம் என்றால், மேஜையிலிருக்கும் வெள்ளைத்தாளை நம் பக்கம் தள்ளி, "லிக் கே தோகே?" என்பார். எழுதித் தருகிறாயா என்று அர்த்தம். முக்கால்வாசிப் பேர் இந்த மூன்றாவது படியில்தான் வழுக்குவார்கள். "இன்னொரு தரம் பார்த்துட்டு வந்து சொல்றேன் சார்" என்று தாளைத் தொடாமல் எழுந்து வந்துவிடுவார்கள்.

எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு கோடையிலும் இடமாற்றக் கலந்தாய்வு நடக்கும். நாடு முழுக்க எங்களுக்குக் கிளைகள் உண்டு. ஊர் திரும்ப விரும்புகிறவர்கள் பணிமூப்பு வரிசையில் வந்து உட்கார்ந்து, காலியாக இருக்கும் ஊர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வருடம் எல்லாமே கம்ப்யூட்டரில் என்று பல்லா சாப் முடிவு செய்துவிட்டார். காகிதம் கிடையாது, கையெழுத்து கிடையாது. திரையில் 'பதிவாயிற்று' என்று வந்தால் பதிவாயிற்று, அவ்வளவுதான். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும்.

முந்தின நாள் ஒத்திகையில் ஒவ்வொரு பதிவுக்கும் மெஷின் தயங்கித் தயங்கி நின்றது. பல்லா சாப் முகம் சுளித்தார். மெஷின் விற்ற கம்பெனியின் என்ஜினியர் ரோஹித், டை கட்டின பையன், "ஒரு நிமிஷம் சார்" என்று ஏதோ தட்டினான். மறுபடி ஓட்டியபோது 'பதிவாயிற்று' என்பது விரல் எடுப்பதற்குள் வந்தது. "ஃபடாஃபட்!" என்று பல்லா சாப் அவன் தோளில் தட்டினார்.

அவன் ஆன் செய்தது டிஸ்க்கின் ரைட் கேஷ். எங்கள் ஆபீஸ் தபால் பியூன் ராம்சரணைத் தெரிந்தால் அது என்ன என்று உடனே புரிந்துவிடும். அமைச்சகத்துக்குப் போக வேண்டிய கடிதத்தை அவன் கையில் கொடுத்த மாத்திரத்தில் "ஹோ கயா சாப்" என்பான். முடிந்துவிட்டதாம். கடிதம் அவன் பையில்தான் கிடக்கும். பை நிறைந்த பிறகு, எந்தக் கட்டடம் எந்த வழியில் என்று பார்த்து, ஒரே சைக்கிள் சுற்றில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வருவான். நல்ல திறமையான ஏற்பாடு, சைக்கிள் வழியில் கவிழாதவரை. டிஸ்க்குக்கும் அப்படி ஒரு பை உண்டு, கொஞ்சம் மின்நினைவு. எழுதச் சொன்னதை அதில் போட்டுக்கொண்டு 'எழுதிவிட்டேன்' என்று நம்மை அனுப்பிவிடும். உள்ளே சுழலும் தட்டில் எழுதுவது தன் சௌகரியப்படி. அதற்குள் கரண்ட் போனால், பைக்கென்று தனி பேட்டரி இல்லாவிட்டால், அதில் இருந்ததெல்லாம் போச்சு.

இதைச் சொல்லி வேண்டாம் என்றேன். "யு.பி.எஸ். இருக்கு அங்கிள், கரண்ட் எப்படிப் போகும்?" என்றான் ரோஹித். பல்லா சாபும் வேகத்தில் மயங்கிப்போயிருந்தார். யு.பி.எஸ். லைனுக்குச் சிவப்பு பிளக்பாயிண்ட் வைத்து, 'கம்ப்யூட்டருக்கு மட்டும்' என்று இரண்டு மொழிகளில் நானே ஒட்டியிருந்தேன். சரி, போகட்டும் என்று விட்டேன்.

மறுநாள் டில்லி வெயில் கொளுத்தியது. பல்லா சாப் ஹாலுக்குள் வந்தார், கை சுவிட்சுப் பலகைக்குப் போனது, ஏ.சி. நின்றது. அவர் தன் அறைக்குத் திரும்பியதும், வெந்துகொண்டிருந்த கூட்டம் காரிடாரிலிருந்த பெரிய டெசர்ட் கூலரை உள்ளே உருட்டிக்கொண்டு வந்து, கைக்கு எட்டிய பிளக்கில் சொருகியது. கைக்கு எட்டியது சிவப்பு பிளக். இரண்டு மொழிகளில் எழுதி என்ன பிரயோஜனம்? வேர்க்கும்போது எவன் படிக்கிறான்!

அப்போது வரிசையில் இருந்தவள் எஸ்தர் ராணி. கணக்குப் பிரிவில் வேலை. சொந்த ஊர் நாசரேத். கணவர் அங்கே பள்ளி ஆசிரியர், ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் ஜெசி அவரோடு. இவள் மட்டும் டில்லியில் லேடீஸ் ஹாஸ்டலில். வருடத்துக்கு இரண்டு தடவை லீவில் போய்விட்டு, திரும்பி வந்து ஒரு வாரம் யாரோடும் பேசாமல் இருப்பாள். பக்கத்து ஊரான தூத்துக்குடிக் கிளையில் அந்த வருடம்தான் ஒரே ஒரு இடம் காலியானது. அவள் உட்கார்ந்தாள், தூத்துக்குடியைத் தொட்டாள், 'பதிவாயிற்று' என்று வந்தது. அவ்வளவுதான், எழுந்து கேட் பக்கம் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினாள். அவள் வாசலைத் தாண்டியதும் கூலரின் மோட்டார் ஒரு இழுப்பு இழுத்தது. யு.பி.எஸ். கீச்சென்று கத்திவிட்டுப் படுத்துவிட்டது. ஹாலில் இருந்த திரை, பக்கத்து அறையில் என் எதிரே இருந்த சர்வர், எல்லாம் இருண்டுபோயின.

நான் கூலரைப் பிடுங்கச் சொல்லி, யு.பி.எஸ்ஸை எழுப்பி, சர்வரைக் கிளப்பிக் கொடுத்தேன். ஹாலில் திரையைக் கவனித்துக்கொண்டிருந்த ரோஹித் பார்த்தபோது எஸ்தர் பெயருக்கு எதிரே ஊர் காலி. அவள் பெயரைக் கூப்பிட்டான். அவள் பூத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். "ஆப்சென்ட்" என்று தட்டிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டான். அடுத்தது பாண்டியன்.

இந்தப் பாண்டியன் கோவில்பட்டிக்காரன், ஜனக்புரியில் அப்போது எனக்குப் பக்கத்து பிளாக். சார்ட்டர்ட் பஸ்ஸில் தினமும் எனக்கு ஜன்னல் சீட்டுப் பிடித்து வைப்பவன். உட்கார்ந்தான், தூத்துக்குடியைத் தொட்டான், எழுந்தான். இன்னும் நாலைந்து பேர் ஊர் தேர்ந்தெடுத்து முடித்த பிறகு எஸ்தர் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தபோது அவன் எல்லோருக்கும் லட்டு வாங்கி வரச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் பதறிப்போய்க் கேட்டாள். ரோஹித், "மேடம், நீங்க சரியா அழுத்தியிருக்கமாட்டீங்க. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது" என்றான். பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன் என்று ஹாலைப் பார்த்துக் கெஞ்சினாள். ஹாலுக்கே மறதி வந்துவிட்டது. காரணம் உண்டு. தூத்துக்குடி எஸ்தருக்குப் போனால் பாண்டியன் மதுரைக்குப் போவான், மதுரை கிடைத்தவன் திருச்சிக்கு நகர வேண்டும், திருச்சிக்காரன் எங்கே போவான் என்று அவனுக்கே தெரியாது. ஆளாளுக்குக் கூரையைப் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கூலரைத் தூக்கி எவன் தலையிலாவது போட்டிருப்பேன், கனமாக இருந்ததால் தப்பித்தார்கள்.

எஸ்தரை அழைத்துக்கொண்டு நேராக பல்லா சாப் அறைக்குப் போனேன். அவள் நாற்காலியில் உட்காரவில்லை. "'பதிவாயிற்று'ன்னு வந்துச்சு சார். எங் கண்ணால பாத்தேன். பாக்காமலா போன் பண்ணுவேன்? எம் புள்ள இந்நேரம் தெருவெல்லாம் சொல்லியிருப்பா. இனி இல்லைன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?" என்று தமிழிலேயே அழுதாள். பல்லா சாபுக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் எழுந்து நின்றுவிட்டார்.

நான் இந்தியில் விளக்கினேன். டிஸ்க் 'எழுதிவிட்டேன்' என்று சொல்லியிருக்கும், எழுதியிருக்காது என்றேன்.

"பக்கா?"

"பக்கா சார்."

கண்ணாடி கழன்றது. "பில்குல் பக்கா?"

"பில்குல்."

வெள்ளைத்தாள் என் பக்கம் வந்தது. "லிக் கே தோகே?"

"எழுதித் தர்றதென்ன, நாளைக்கு உங்க மேஜையிலேயே காட்டறேன் சார். அதுவரைக்கும் ஆர்டர்ல கையெழுத்துப் போடாதீங்க" என்றேன். அவர் தாளை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார்.

அன்று மாலை பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டு இல்லை. பாண்டியன் பக்கத்தில் நின்றுகொண்டே போனேன்.

"என்ன அண்ணாச்சி, ஒங்களுக்கு நான் என்ன கொற வச்சேன்?" என்றான்.

"ஒரு குறையும் இல்லைப்பா. அந்தப் பொண்ணு அழுத்தினதை நீ பாத்தியா, இல்லையா?"

"எங்க அண்ணாச்சி பாத்தேன்? முன்னாடி ஆள் நின்னு திரைய மறைச்சிருச்சே."

"உனக்கு முன்னாடி யார்டா இருந்தது?"

"எஸ்தர்தான்."

"அப்போ அந்தப் பொண்ணு திரைக்கு முன்னால உக்காந்திருந்ததா இல்லையா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "நானும் ஊருக்குப் போகணும்லா அண்ணாச்சி" என்றான் கடைசியில்.

மறுநாள் காலை பல்லா சாப் மேஜையில் இரண்டு கம்ப்யூட்டர்களை வைத்தேன். ஒன்றில் அதே ரகமான டிஸ்க், அதே மாதிரி ரைட் கேஷ் ஆன். அதில் ஒரு சின்ன புரோகிராம். அது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களை டிஸ்க்கில் எழுதிக்கொண்டே போகும். ஒவ்வொரு எண்ணையும் எழுதிவிட்டதாக டிஸ்க் சத்தியம் செய்த பிறகு, அந்த எண்ணை மட்டும் இரண்டாவது கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அங்கே அது திரையில் தெரியும். நடுவில் முதல் மெஷினின் கரண்டைப் பிடுங்க வேண்டும். பிறகு கிளப்பிப் பார்த்தால், இரண்டாவது திரையில் நிற்கிற எண்ணும் டிஸ்க்கில் இருக்கிற எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். டிஸ்க்கில் குறைந்திருந்தால் அது புளுகியிருக்கிறது.

ரோஹித்தும் வந்திருந்தான். முதல் தடவை கரண்டை நிறுத்தும் வேலையை அவனே ஏற்றுக்கொண்டான். நிறுத்தினான், கிளப்பினோம், இரண்டு எண்களும் ஒன்றாகவே இருந்தன. எஸ்தர் முகம் செத்துவிட்டது. அப்புறம்தான் பார்த்தேன், அவன் புரோகிராமை நிறுத்தி, மெஷினைச் சாங்கோபாங்கமாக ஷட்டவுன் செய்து, திரை தானாக அணைந்த பிறகு சுவிட்சைத் தொட்டிருக்கிறான்.

"தம்பி, கரண்ட் போகும்போது முன்கூட்டியே சொல்லிட்டா போகுது?" என்றேன்.

"ஓடற மெஷினை எப்படி அங்கிள் அணைக்கிறது? எங்க ட்ரெய்னிங்ல அதைப் பாவம்னு சொல்லியிருக்காங்க."

"ஹடோ" என்று தள்ளி நிற்கச் சொல்லி ஒரு குரல் கேட்டது. பல்லா சாப் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். இத்தனை வருடங்களாகப் பழகிய கை. எண்கள் ஓட ஓட, ஒரு தயக்கமும் இல்லாமல், வலது கை ஆள்காட்டி விரலால் சுவரிலிருந்த சுவிட்சை டப்பென்று தட்டினார்.

மெஷினைக் கிளப்பினோம். பழுது பார்த்துக்கொண்டு அது மெதுவாக எழுந்து வந்தது. இரண்டாவது திரையில் நின்ற எண்ணைவிட டிஸ்க்கில் இருந்த எண் பல படிகள் கீழே கிடந்தது. பல்லா சாப் இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஜூட்டா!" என்றார் டிஸ்க்கைப் பார்த்து. பொய்யன். "ஏக் பார் ஔர்" என்று மறுபடி ஓட்டச் சொல்லி மறுபடி அணைத்தார். மறுபடியும் குறைந்தது. அதற்கப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. சர்க்காரி பிஜ்லியை அணைத்ததற்காக யாரும் முணுமுணுக்காமல், எல்லோரும் குறித்துக்கொண்டு நிற்பது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. "சார், போதும் சார், டிஸ்க் செத்துடும் சார்" என்று ரோஹித் டையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான்.

பிறகு ரைட் கேஷை அணைத்துவிட்டு ஓட்டினேன். எண்கள் ஊர்ந்தன. ஆனால் அவர் எத்தனை தடவை தட்டினாலும், இந்தத் திரையும் அந்த டிஸ்க்கும் ஒரே எண்ணில் நின்றன. பல்லா சாப் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "தீமா ஹை, மகர் சச் போல்தா ஹை" என்றார். மெதுவானவன்தான், ஆனால் உண்மை பேசுகிறான். எஸ்தரிலிருந்து கலந்தாய்வை மறுபடி நடத்த அங்கேயே உத்தரவு போட்டார். கூலரைச் சிவப்பு பிளக்கில் சொருகியது யார் என்று கேட்டார். ஏ.சி.யை யார் அணைத்தது என்று அவரே அடுத்துக் கேட்கப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டு தண்ணீர் குடித்தார்.

மறு கலந்தாய்வு அன்று ஹாலில் ஏ.சி. ஓடியது. எஸ்தர் உட்கார்ந்து தூத்துக்குடியைத் தொட்டாள். மெஷின் யோசித்தது. 'பதிவாயிற்று' என்று வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"சார், ஒரு தடவ பிளக்கப் பிடுங்கிட்டுப் போடுங்க" என்றாள் என்னிடம்.

"மேடம், இப்போ கேஷ் ஆஃப். கேரண்டி" என்றான் ரோஹித்.

"அன்னைக்கும் நீங்கதானே தம்பி கேரண்டி சொன்னிய."

பல்லா சாப் தலையசைத்தார். போய்ப் பிடுங்கினேன். மெஷின் எழுந்து வருவதற்குள் பாதிப் பேர் டீ குடித்துவிட்டு வந்துவிட்டார்கள். எஸ்தர் ராணி, தூத்துக்குடி என்று இருந்தது. திரையில் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இன்னொரு தடவ சார்" என்றாள். இந்தத் தடவை பல்லா சாபே ஆசையோடு போய் அணைத்தார். மறுபடியும் தூத்துக்குடி.

பின்னால் நின்ற பாண்டியன் தொண்டையைச் செருமினான். "அண்ணாச்சி, எதுக்கும் மூணாவது வாட்டியும் ஒருக்கா பிடுங்கிப் பாத்துருங்களேன்."

ஹாலே சிரித்துவிட்டது, எஸ்தர் உட்பட. அவனுக்காக மூன்றாவது தடவையும் பிடுங்கினோம். தூத்துக்குடி அசையவில்லை. அவன் பெருமூச்சு விட்டு, "சரிக்கா, போயிட்டு வாங்க. மதுரையும் நல்ல ஊருதான்" என்று உட்கார்ந்து மதுரையைத் தொட்டான்.

"போம்மா, போய் வீட்டுக்குப் போன் பண்ணு" என்றேன் எஸ்தரிடம்.

"இல்ல சார். ஒரு தடவ சொல்லி, இல்லைன்னு ஆயிட்டு. அன்னைக்கு எம் புள்ள போனையே வாங்கமாட்டேன்னுட்டா. இனி நேர்ல போயி நின்னுக்கிடுதேன்."

அப்படியே செய்தாள். கணவரிடம்கூட மூச்சுவிடவில்லை. ஊர் போய்ச் சேர்ந்து சில நாள் கழித்து எனக்குப் போன் செய்து சொன்னாள். பெட்டி படுக்கையோடு வாசலில் போய் நின்றாளாம். ஜெசி ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டு, எப்போதும் கேட்பது போலவே, "எத்தன நாளு லீவும்மா?" என்று கேட்டதாம். இவள் மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாளாம். துணி, குக்கர், ஹாஸ்டல் வாளி, கடைசியில் டில்லிக் குளிருக்கு வாங்கிய அந்தப் பெரிய பஞ்சு ரஜாய். நாசரேத் வெயிலில் அந்த ரஜாயைப் பார்த்த பிறகுதான் குழந்தை நம்பியதாம்.